பேரியம் எனிமா எக்ஸ்ரேயும் அதைச் செய்யப் படிக்கும் நம் பிள்ளைகளும்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனுக் கொடுப்பவர்களிடம் டாக்டர் எழுதிய சீட்டையும் இணைக்கச் சொல்கிறோம். அந்தச் சீட்டுகளில் அவ்வப்போது ‘பேரியம் எனிமா’ என்றோ ‘கான்ட்ராஸ்ட் எனிமா’ என்றோ எழுதியிருக்கும். மற்ற சோதனைகள் எழுதப்பட்டவர்கள் மறு வாரமே வந்துவிடுகிறார்கள். இந்தச் சோதனை எழுதப்பட்டவர்கள் மட்டும் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து வருகிறார்கள். கேட்டால் கையில் பணம் இல்லை என்பார்கள். உட்கார வைத்து ஒரு டீ கொடுத்துப் பேசினால்தான் விஷயம் வெளியே வரும். பணம் பாதிக் காரணம், வெட்கம் மீதிப் பாதி.

அந்த வெட்கத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நாங்களும் அதே வீடுகளில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் அதன் விலை என்ன என்பதை ஒரு குடும்பத்தில் கண்ணால் பார்த்தோம். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

பெருமாள்மலைப் பக்கம் ஒரு நன்னிமா. வயது அறுபதுக்கு மேல். மலத்தோடு ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து ஒன்றரை வருடம் கைமருந்து சாப்பிட்டிருக்கிறார். உடம்பு இளைத்த பிறகுதான் மகன் கீழே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கொலனோஸ்கோப்பி குழாய் பாதிவரைதான் போனது. மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பேரியம் எனிமா எழுதினார்கள். எக்ஸ்ரே அறையில் இரண்டு இளைஞர்கள். திரும்பிப் படுங்கள் என்றார்கள், துணியை விலக்கினார்கள். எதற்கு, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்னிமா மேசையிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டார். மகன் எவ்வளவு கெஞ்சியும் திரும்பிப் போகவில்லை. ஏழு மாதம் கழித்து வயிறு ஊதி, வாந்தியெடுத்து, நள்ளிரவில் டம்டம் பாறை வளைவுகளில் ஆம்புலன்ஸில் இறக்க வேண்டியதாயிற்று. குடல் அடைபட்டிருந்தது. அவசர ஆபரேஷன் செய்து வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டிவிட்டார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் நலமாக இருக்கிறார். பையை எடுத்துக் குடலை மறுபடி சேர்ப்பதற்கு முன், உள்ளே போட்ட தையல் கசிகிறதா என்று பார்க்க அதே வகையான சோதனையை இன்னொரு இடத்தில் செய்தார்கள். இந்த முறை மேசைப் பக்கத்தில் ஒரு பெண் ரேடியோகிராபர் இருந்தார். முதலில் உட்கார்ந்து பேசினார். போர்வையை எந்த அளவுக்கு விலக்குவோம் என்று முன்பே சொன்னார். இருபது நிமிடத்தில் முடிந்தது. “இம்புட்டுத்தானா? இதுக்கா பயந்தேன்?” என்று நன்னிமா மகனிடம் கேட்டிருக்கிறார்.

இரண்டு இடத்திலும் மெஷின் ஒரே மாதிரிதான். நின்ற ஆளின் பயிற்சிதான் வேறு. அந்தப் பயிற்சி என்ன என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம்.

முதலில் சோதனையைப் பற்றி. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குடல் சரியாகத் தெரியாது. குடலின் உட்புறம் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஏதாவது ஒன்றை அதற்குள் செலுத்த வேண்டும். அதற்குப் பயன்படுவது பேரியம் சல்பேட் என்ற வெள்ளைப் பொடி. அதைத் தண்ணீரில் கலக்கினால் கெட்டியான சுண்ணாம்புப் பால் போல இருக்கும். பேரியத்தின் கரையக்கூடிய உப்புகள் விஷம். இந்தச் சல்பேட் மட்டும் தண்ணீரில் கரையாது, ரத்தத்தில் சேராது, போன வழியே வெளியே வந்துவிடும். மருத்துவத்துக்கு இது 1910 முதல் பயன்படுகிறது. நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் கடப்பை வட்டாரத்து மங்கம்பேட்டை உலகத்திலேயே பெரிய பேரைட் படிவங்களில் ஒன்று. அந்தப் பாறையும் இதே பேரியம் சல்பேட்தான். மருந்தாக வருவது நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டது.

மலக்குடல் வழியாக மெல்லிய குழாய் வைத்து இந்தப் பாலைப் பெருங்குடலுக்குள் மெதுவாக விடுகிறார்கள். பிறகு கொஞ்சம் காற்றும் செலுத்துவது உண்டு. பால் குடலின் சுவரில் மெல்லிய பூச்சாகப் படிய, காற்று குடலை விரிக்கிறது. சுவரில் ஒரு சிறு கட்டி இருந்தாலும் தெரிகிறது. இதை இரட்டை முறை என்பார்கள். 1923இல் ஜெர்மனியில் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் இதை விவரித்தார், பின்னாளில் ஸ்வீடனின் மால்மோ நகரத்து டாக்டர்கள் செம்மைப்படுத்தினார்கள். குடலைச் சுற்றி வளரும் புற்றுக்கட்டி படத்தில் எப்படித் தெரியும் என்றால், நம் மலைப் பேரிக்காயை இரண்டு பக்கமும் கடித்துவிட்டு நடுத்தண்டை மட்டும் விட்டால் இருக்குமே, அப்படி.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். மலக்குடலிலிருந்து இடப்பக்கம் மேலேறி, விலாவுக்குக் கீழே திரும்பி, வயிற்றைக் குறுக்கே கடந்து, வலப்பக்கம் கீழே இறங்கிக் குடல்வால் பக்கம் முடிகிறது. நம் மலைச் சாலையைப் போலவே வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் பால் தாண்ட நோயாளியை இடம், வலம், குப்புற என்று திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எனவேதான் இந்தச் சோதனையில் பட்டனை அமுக்குவது சிறிய வேலை, நோயாளியோடு சேர்ந்து செய்வது பெரிய வேலை.

நம் அறக்கட்டளை உதவியில் ரேடியோகிராபி படித்துக்கொண்டிருக்கும் ஒரு மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவளிடம் விவரமாகக் கேட்டோம். “மாமு, எங்களுக்கு முதல்ல குழாயைக் கையில குடுக்க மாட்டாங்க. முதல்ல கேள்வி கேட்கத்தான் சொல்லித் தருவாங்க” என்றாள்.

அவள் சொன்னது எங்களுக்குப் புதிது. மேசையில் படுக்க வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. சமீபத்தில் குடலிலிருந்து சதை எடுத்து டெஸ்ட் செய்தார்களா? செய்திருந்தால் அந்த இடம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். திடீரென்று கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், வயிறு கல்லாக இறுகுதல் உண்டா? குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே பேரியம் கூடாது. பேரியம் குடலுக்கு வெளியே கசிந்தால் வயிற்றறையில் கடுமையான அழற்சி உண்டாகும், உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்குத் தண்ணீரில் கரையும் வேறு மருந்து இருக்கிறது. பெண்ணாக இருந்தால் கர்ப்பம் உண்டா, மாதவிலக்கு எப்போது வந்தது? குடல் இறுக்கம் தளர ஊசி போடுவதுண்டு, எனவே கண்ணில் கிளாக்கோமா இருக்கிறதா, இதய நோய் உண்டா? ரப்பர் கையுறை, பலூன் பட்டால் உடம்பு தடிக்குமா? இந்தக் கேள்விகளைக் கேட்காத இடத்தில் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் நாம் பேசினால் கோபிப்பார்களோ என்று நம் மக்கள் வாயை மூடிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது குழாய். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வலது முழங்காலை மடக்கச் சொல்கிறார்கள். குழாயை வைப்பதற்கு முன் டாக்டரோ பயிற்சி பெற்றவரோ விரலால் தொட்டுப் பார்ப்பார். உள்ளே அடைப்போ புண்ணோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நோயாளி மூச்சை வெளியே விடும்போது, நன்றாக வழுவழுப்பாக்கிய குழாயை முதலில் தொப்புளை நோக்கியும் பிறகு மலக்குடலின் வளைவை ஒட்டியும் மெதுவாகச் செலுத்த வேண்டும். நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தடை தட்டினால் அழுத்தக் கூடாது. குழாய் நழுவாமல் இருக்க அதன் நுனியில் சிறிய பலூன் இருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஊதினால் மலக்குடல் கிழியும் அபாயம் உண்டு. எனவே பலூன் தேவையா என்பதே ஒரு முடிவு, தேவை என்றால் திரையில் பார்த்துக்கொண்டுதான் ஊத வேண்டும். இந்த விபத்து மிக அரிது. பயிற்சியில் பாதி நேரம் அதற்காகவே போவதால்தான் அரிதாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்னாள்.

பையை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்பதும் படிப்புதான். உயரம் கூடினால் அழுத்தம் கூடும், குடல் சுருங்கி இழுத்துப் பிடிக்கும், நோயாளி துடிப்பார். பாலை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்குவதும் அதற்காகவே. மார்கழியில் நம் ஊர்த் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கதிர்வீச்சுக் கணக்கு தனி. மற்ற எக்ஸ்ரேக்களைப் போல ஒரு கிளிக்கில் இது முடிவதில்லை. ஃப்ளோரோஸ்கோப்பி என்ற முறையில் பால் நகர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். காலால் அமுக்கும் கட்டை இருக்கும், அதை அமுக்கியிருக்கும் வரைதான் கதிர் வரும். இந்தச் சோதனையில் நோயாளி பெறும் கதிர் அளவு பொதுவாக 6 முதல் 8 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக மனிதன் ஒரு வருடத்தில் பெறுவது உலகச் சராசரியில் 2.4. அதாவது ஏறக்குறைய மூன்று வருடத்து அளவு ஒரே நாளில். ஆபத்து சிறியது. ஆனாலும் தேவையில்லாமல் செய்யக் கூடாது, செய்யும்போது வீணாக்கவும் கூடாது. பயிற்சி இல்லாதவர் காலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார். பயின்றவர் ஒரு நொடி பார்ப்பார், காலை எடுப்பார், நோயாளியைத் திருப்புவார், மறுபடி ஒரு நொடி பார்ப்பார். கதிர் விழும் சதுரத்தையும் தேவையான இடத்துக்கு மட்டும் சுருக்கிக்கொள்வார்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது. நோயாளிக்கு வியர்த்து நாடி தளர்ந்தாலோ, திடீரென்று வலி என்று சொன்னாலோ, பால் குடலின் எல்லையைத் தாண்டி வெளியே பரவுவது திரையில் தெரிந்தாலோ உடனே நிறுத்தி, பையைத் தரைக்கு இறக்கி, டாக்டரை அழைக்க வேண்டும். ‘இன்னும் ரெண்டே படம்தான்’ என்று தொடரக் கூடாது.

இனி, இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வி. நம் நாட்டில் பொதுவாக ரேடியாலஜிஸ்ட் டாக்டரே மருந்தைச் செலுத்திப் பார்க்கிறார், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்கிறது. ரிப்போர்ட் எழுதுவதும் அவர்தான். ரேடியோகிராபர் நோயாளியைத் தயார் செய்கிறார், படுக்க வைக்கிறார், படம் எடுக்கிறார், கூடவே நிற்கிறார். இங்கிலாந்தில் வேறு வழி கண்டார்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. வேலை பெருகி ரேடியாலஜிஸ்டுகளுக்கு நேரமில்லாமல் போனபோது, இந்தச் சோதனையை முழுமையாக ரேடியோகிராபர்களுக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்ற கேள்வி 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. செய்யலாமா கூடாதா என்று மருத்துவ இதழ்களிலேயே விவாதம் நடந்தது. லீட்ஸ் நகரில் ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்திப் பார்த்து அதன் முன்னோட்ட அனுபவத்தை 1995இல் வெளியிட்டார்கள். முதலில் பாடம், பிறகு டாக்டர் செய்வதைப் பார்ப்பது, பிறகு டாக்டர் பக்கத்தில் நிற்கத் தான் செய்வது, அதற்குப் பிறகே தனியாக. முறை பலித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்நாட்டின் பல மருத்துவமனைகளில் பேரியம் எனிமாவை ரேடியோகிராபர்களே செய்தார்கள், அவர்களில் பெண்கள் நிறையப் பேர்.

அதே முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டமும் வேறு, சூழ்நிலையும் வேறு. நம் நாட்டில் 2021இல்தான் துணை மருத்துவப் பணியாளர்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டமே வந்தது. இருந்தாலும் டாக்டர் இல்லாத நேரத்தில் பயிற்சியற்ற கை செய்வதைவிட, டாக்டர் இருக்கும் நேரத்தில் பயின்ற கை உடன் நிற்பது நோயாளிக்கு எவ்வளவோ மேல். தமிழ்நாட்டுக்கு இதில் பழைய பெயர் உண்டு. சென்னை பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டு பெயரில் கதிரியக்க நிலையம் 1934இலேயே அமைந்துவிட்டது.

‘இப்போதுதான் கொலனோஸ்கோப்பி வந்துவிட்டதே, இந்தப் பழைய சோதனை எதற்கு?’ என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெருங்குடல் புற்றுநோயைத் தேடுவதற்கு இன்று முதல் வழி கொலனோஸ்கோப்பிதான். அதில் சந்தேகமான இடத்தை அங்கேயே கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பவும் முடியும். அது முடியாதவர்களுக்குக் குடலில் காற்று அல்லது கார்பன்டை ஆக்ஸைடு வாயு ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் உண்டு. 2013இல் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஆய்வில், அந்த சி.டி. ஸ்கேன் 7.3 சதவீதம் பேரிடம் புற்றையோ பெரிய பாலிப்பையோ கண்டது, பேரியம் எனிமா கண்டது 5.6 சதவீதம். எனவே டாக்டர் சி.டி. எழுதினால் ‘பழைய எக்ஸ்ரேயே போதும்’ என்று பேரம் பேச வேண்டாம்.

ஆனால் சில இடங்களில் குழாய் வழிச் சோதனைக்கு இன்றும் மாற்று இல்லை. நன்னிமாவுக்குச் செய்தது போல ஆபரேஷன் தையலைச் சோதிப்பது ஒன்று. பச்சிளங்குழந்தை இன்னொன்று. பிறந்து 48 மணி நேரம் ஆகியும் குழந்தை காட்டுப்பீ கழிக்கவில்லை, வயிறு ஊதுகிறது, பச்சையாக வாந்தியெடுக்கிறது என்றால், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம். பிரசவம் பார்த்த வீட்டில் ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. அந்தக் குழந்தைக்குப் பேதி மருந்து கொடுக்காமல், பலூன் இல்லாத மெல்லிய குழாயில், மிகக் கொஞ்சம் மருந்து விட்டுப் பார்ப்பார்கள். பலூனை ஊதினால் குறுகிய பகுதியையே அது மறைத்துவிடும். அடுத்தது கைக்குழந்தைக்கு வரும் குடல் சொருகல். குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, ரத்தமும் சளியுமாக மலம் போனால் அது அவசரம். தாமதமில்லாமல் போனால் மலக்குடல் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்திய அழுத்தத்திலேயே சொருகிய குடலை வெளியே தள்ளிப் பல குழந்தைகளுக்கு ஆபரேஷனைத் தவிர்த்துவிடுகிறார்கள். இதெல்லாம் டாக்டர் முன்னிலையில் நடப்பவை. பக்கத்தில் குழந்தையைப் பிடிக்கத் தெரிந்த ரேடியோகிராபர் வேண்டும்.

தவிர, கை பழகிய பழக்கம் வீணாகாது. இங்கிலாந்தில் பேரியம் எனிமா குறைந்தபோது அதே ரேடியோகிராபர்கள்தான் குடல் சி.டி.க்குப் பயின்றார்கள். அங்கேயும் குழாய் வைக்க வேண்டும், வாயு ஏற்ற வேண்டும், பயந்த மனிதரிடம் பேச வேண்டும்.

இதற்கு அறக்கட்டளையின் கல்வி நிதியிலிருந்து கொடுப்பதா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டம் விவாதம் நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. மூத்தவர் ஒருவர், “நம்ம பொண்ணுங்க போய் இந்த வேலையைச் செய்யணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தீய எண்ணம் இல்லை. இன்னொருவர் பதிலுக்கு, “உங்க வீட்டுப் பெண்ணுக்கு இந்தச் சோதனை வந்தா யார் செய்யணும்னு நினைப்பீங்க மாமா?” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சிகிச்சைக்காக மறைவிடத்தைக் காட்ட நேர்ந்தால் தேவையான அளவுக்கு அனுமதி உண்டு, பெண்ணுக்குப் பெண்ணே கிடைத்தால் அதுவே முந்தியது என்பது நாம் மதரஸாவில் படித்த ஃபிக்ஹ்தான். ‘பெண்ணே கிடைத்தால்’ என்று சொல்லிவிட்டு, பெண்ணை உருவாக்காமல் இருந்தால் அந்தச் சட்டம் யாருக்கு? பொறியியலுக்கு வருடா வருடம் கொடுத்தோம், படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தத் துறையிலேயே இல்லை. இதை ஒரு குறையாகவே எழுதுகிறோம்.

கதிரில் வேலை செய்தால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்ற அச்சத்தையும் சில தாய்மார்கள் சொன்னார்கள். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்ப் பணியாளருக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஈய அங்கி, மார்பில் டி.எல்.டி. பேட்ஜ். அந்த பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி எவ்வளவு பட்டது என்று கணக்குப் பார்க்கிறார்கள். கர்ப்பம் என்று தெரிவித்தால் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், அதற்கேற்ப வேலை மாற்றித் தர வேண்டும். விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இடத்தில் வேலை செய்வது பாதுகாப்பானது. பேட்ஜ் தராத இடத்தில் வேலைக்குச் சேர வேண்டாம் என்று எங்கள் மாணவிகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.

சோதனை எழுதப்பட்டவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். குடல் முழுக்கக் காலியாக இருந்தால்தான் படம் உதவும், மலம் மிச்சமிருந்தால் அதுவே கட்டி போலத் தெரியும். எனவே முந்தைய ஒன்றிரண்டு நாள் கீரை, பழத்தோல், பருப்பு போன்ற நார்ப் பொருள் இல்லாமல் இலேசான உணவு, பிறகு பேதி மருந்து, நிறையத் தண்ணீர். இந்தப் பேதி மருந்தைக் குடித்துவிட்டு கொடைக்கானலிலோ பூம்பாறையிலோ பஸ் ஏறுவதைப் போன்ற தவறு வேறில்லை. முந்தின நாள் காலையிலேயே வத்தலக்குண்டோ, பெரியகுளமோ, மதுரையோ இறங்கி, கழிப்பறை பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டிலோ அறையிலோ தங்கி மருந்து குடியுங்கள். தங்க இடமில்லாதவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், அதையும் மருத்துவ உதவியிலேயே சேர்க்கிறோம். வயதானவர்களைத் தனியாக விட வேண்டாம். பேதியில் உப்பும் நீரும் போய் மயங்கி விழுந்துவிடுவார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த இரண்டு நாளுக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரமலானில் தேதி விழுந்தால் என்ன என்று கேட்கிறார்கள். எனிமா நோன்பை முறிக்கும் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் நிலைபாடு. நோயாளிக்குச் சலுகை உண்டு, பிறகு களா செய்துகொள்ளலாம். டாக்டர் தள்ளிப்போட வேண்டாம் என்றால் தள்ளிப்போட வேண்டாம். மற்ற சந்தேகங்களுக்கு ஹஜ்ரத்தைக் கேளுங்கள்.

ஆண் டாக்டர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. எனவே ‘பெண் ஒருவர் உடன் நிற்கட்டும்’ என்று கேட்பது தயவு கேட்பதல்ல. தேதி வாங்கும்போதே கேட்டுவிட்டால் அவர்களுக்கும் ஏற்பாடு செய்ய வசதி. சோதனை முடிந்து இரண்டு மூன்று நாள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்பட வேண்டாம். தண்ணீர் அதிகம் குடிக்காவிட்டால் பேரியம் இறுகி மலச்சிக்கல் ஆகும். விடாத வயிற்றுவலி, காய்ச்சல், ரத்தம் என்றால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

படிப்பைப் பற்றி ஒரு முக்கிய விவரம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. ரேடியோகிராபி படிப்பு மூன்று ஆண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. அதில் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பு முடித்ததும் தோழி சேர்ந்தாள் என்று காமர்ஸ் குரூப் எடுத்துவிடுகிறார்கள், பிறகு எங்களிடம் வந்தால் எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை. எனவே இந்த வருடம் பத்தாம் வகுப்பு எழுதும் பெண் பிள்ளைகளின் பெற்றோர், குரூப் எடுப்பதற்கு முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை திறந்திருக்கும். தாய்மார்கள் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் வரலாம், அன்று அந்த மாணவியும் விடுமுறையில் இருந்தால் இன்ஷா அல்லாஹ் உடன் இருப்பாள்.